மூன்று கை நாற்காலி

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் செய்த காரியம், எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் நுழைந்து இட்லியும் வடைகறியும் சொன்னதுதான். மஸ்கட்டிலும் இட்லி கிடைக்கிறது. சுவரில் எறிந்தால் திரும்பி நம் கைக்கே வந்துவிடும், அந்த மாதிரி இட்லி. இங்கே இலையில் வைத்த இட்லியின் மேல் வடைகறியை ஊற்றியதும் அது சொன்ன பேச்சைக் கேட்டுக் கரைந்தது. மறுபடியும் கேட்டு வாங்கினேன். சர்க்கரை மாத்திரை பெட்டிக்குள் எங்கேயோ கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து மேசையில் இரண்டு பேர் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா இது, காலங்காத்தாலயே இந்தக் காட்டு காட்டுது. மத்தியானம் மனுசன் உசுரோட இருப்பானா?"

"போன வைகாசிக்கு இது ஜாஸ்திதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் விட்டுவிட்டு வந்த ஊரில் இந்நேரம் காரின் கதவைத் துணியைச் சுற்றிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். ஆனால் வெயிலைச் சேர்ந்து திட்ட ஒரு துணை இருப்பதே தனி சுகம். அங்கே அவரவர் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு தனித்தனியாகத் திட்டிக்கொள்கிறோம்.

நான் வந்தது ஒரு கல்யாணத்துக்கு. என்னோடு விடுதிப் பள்ளியில் படித்த தணிகாசலத்தின் மகள் மலருக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கல்யாணத்துக்கு அன்று காலை வந்தால் போதும்தான். வியாழக்கிழமையே வந்து இறங்கியதற்குக் காரணம், தணிகாசலத்தின் மனைவி கஸ்தூரி செய்த ஒரு போன்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. அவரு மணையில உக்கார மாட்டேன்னு சொல்லிட்டாரு. அவரு தம்பியும் தம்பி பொண்டாட்டியும் உக்காந்து தாரை வாத்துக் குடுக்கட்டும்ன்றாரு. மலரு ஒண்ணும் பேச மாட்டேங்குது. ரூமுக்குள்ள போயி அழுதுகினே இருக்குது. நீங்க சொன்னா கேப்பாருங்க."

போன வருடம் தணிகாசலத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறி, கோலை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறான். கை தேறவில்லை. தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவன் தன் இரு கைகளாலும் மகளின் கையை ஏந்தி மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். தாய் மேலிருந்து தண்ணீர் வார்ப்பாள். ஒரு கை தொங்கிக்கொண்டிருக்கிறவன் ஊர் முன்னால் எப்படி ஏந்துவான் என்பது அவன் கேள்வி.

நான் சொன்னால் கேட்பான் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் இல்லை. தணிகாசலம் சொல்லி நாங்கள் கேட்டதுதான் சரித்திரம். அவன் எங்கள் சாரணர் அணியின் தலைவன். பையன்களைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகத்தின் பெயரையோ பறவையின் பெயரையோ வைப்பார்கள். புலி, கழுகு, மயில் என்று எடுப்பான பெயர்களை எல்லாம் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போக, எங்களுக்கு மிஞ்சியது நரி. "நரின்னா இன்னாடா? புலிக்கு மூளை கம்மி" என்று சொல்லி எங்களை ஒரே நாளில் பெருமைப்பட வைத்தவன் தணிகாசலம். நைனார்பாளையத்து விவசாயி மகன். கயிற்றில் முடிச்சுப் போடுவதில் இருந்து கூடாரம் அடிப்பது வரை அவன் சொன்னால் சொன்னதுதான்.

காபி குடித்து முடிப்பதற்குள் காதர் வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அவனும் ஒரு நரி. கள்ளக்குறிச்சியிலேயே டயர் கடை வைத்திருக்கிறான். அவனுடைய பழைய ஆம்னி வண்டியில் நான்கு டயரும் பளபளவென்று புதியவை. மற்ற பாகங்களுக்கெல்லாம் ஏறக்குறைய என் வயது.

"இன்னாடா ராஜு, இவ்ளோ பெருத்துட்ட? பெட்டிய முன்னாடி வெச்சிட்டு உன்னப் பின்னாடி ஏத்தணும் போலக்கீது."

போகிற வழியில் எங்கள் பள்ளியைக் காட்டுவதாகச் சொன்னான். காட்டியது ஒரு மதில் சுவரை. நாங்கள் கொடியேற்றிய மைதானம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறதாம். வாயிற்காவலர், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? அங்கே அரைக்கால் சட்டையும் கழுத்தில் பச்சைத் துணியுமாக நின்ற எங்களைத்தான் பார்க்க வேண்டும். "சும்மாதாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

மதியம் காதர் வீட்டில் பிரியாணி. எலவனாசூர்கோட்டையிலிருந்து இன்னொரு நரியான செபாஸ்டின் பஸ் பிடித்து வந்து சேர்ந்துகொண்டான். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகும் எதிரே இருப்பவரைத் திருத்துவதை மட்டும் விடவில்லை. தால்சாவை ஊற்றிக்கொண்டே பழைய கதைகளைப் பிடித்துக்கொண்டோம். கல்வராயன் மலையில் நடந்த முகாம்தான் எங்கள் மூவருக்கும் உயிர். பாத்திரம் இல்லாமல் சமைக்கிற சோதனை ஒன்று உண்டு. செபாஸ்டின் கோதுமை மாவைக் குச்சியில் சுற்றித் தணலில் வாட்டினான். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. நான் முட்டையைச் சேற்றில் பொதிந்து நெருப்பில் போட்டேன். அது வெடித்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த சாரண ஆசிரியரின் தொப்பியில் போய் அப்பிக்கொண்டது.

"மாவு வேகலன்னு யாருடா சொன்னது? ஆசிரியர் ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் தின்னாரு" என்றான் செபாஸ்டின்.

"தின்னாரு. அப்பால மூணு நாளு ஓடைப் பக்கமே குடியிருந்தாரு" என்றான் காதர்.

அவன் மனைவி சிரித்துச் சிரித்துக் கறித்துண்டை என் தட்டுக்கு வெளியே வைத்துவிட்டார்.

சாயங்காலம் நைனார்பாளையம் போனோம். வாசலில் பந்தல் கால் நட்டிருந்தார்கள். மைக் செட்டுக்காரர் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தார். இத்தனை நடமாட்டத்துக்கும் நடுவில் வீட்டுக்காரன் உள்ளறையில், ஜன்னலை ஒட்டிய நாற்காலியில், துண்டால் வலது கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். மீசை அப்படியே இருந்தது.

வெளிநாட்டில் இருந்து பழகிய புத்தி, நான் போனதும் வலது கையை நீட்டிவிட்டேன். அவன் துண்டைப் பார்த்தான். என் கை அந்தரத்தில் நின்றது. எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. காதர் என் கையைத் தட்டிவிட்டுத் தன் இடது கையை நீட்டினான்.

"டேய் மஸ்கட்டு, நரிக்கு எந்தக் கைடா?"

உலகம் முழுக்கச் சாரணர்கள் ஒருவருக்கொருவர் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். தணிகாசலத்தின் இடது கை எழுந்து வந்து காதரின் கையைப் பிடித்தது. பிறகு செபாஸ்டின் கையை, பிறகு என் கையை. பிடி பழைய பிடிதான், எலும்பு நொறுங்குகிற பிடி.

எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று செபாஸ்டின் அவசரப்பட்டுவிட்டான். "பாத்தியா? நம்ம கணக்குல இடது கைதான்டா பெரிய கை. அதால தாரை வாத்துக் குடு. யாரு கேக்கறது?"

தணிகாசலத்துக்குப் பேச்சும் கொஞ்சம் குழறியது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தான். "நம்மகிட்ட... செல்லும்டா. மண்டபத்துல செல்லுமா? எம்பொண்ண... பீச்சாங்கையில புடிச்சா குடுப்பேன்?"

அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. கஸ்தூரி மரவள்ளிக்கிழங்கு அவித்துக் காரச் சட்னியோடு கொண்டுவந்து வைத்தார். நாங்கள் தின்றோம். அவன் தொடவில்லை. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதாம்.

"எதுக்குக் கூப்பிட்டாலும் நீங்க போய்ட்டு வாங்கன்றாரு அண்ணா" என்றார் கஸ்தூரி, அவன் காதில் விழட்டும் என்றே. "கோயிலுக்கா, நீங்க போய்ட்டு வாங்க. பத்திரிகை வெக்கவா, நீங்க போய்ட்டு வாங்க. இந்தத் தெருவுல எத்தினி கல்யாணத்துக்கு இவரு முன்ன நின்னாரு, கேட்டுப் பாருங்க."

காதர் பேச்சை மாற்றினான். நாளைக்கு நாங்கள் மூவரும் மலைக்குப் போகிறோம், பழைய முகாம் இடத்தைப் பார்க்கப் போகிறோம், நீயும் வா என்றான். அப்படி ஒரு திட்டம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றான் தணிகாசலம்.

"அந்தக் கரியாலூர் ஏரிக்கரையில போட்டமே, அதான?" என்றான் செபாஸ்டின்.

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏரிக்கரையா? வெள்ளிமலை தாண்டி... மேட்டுலடா. ஓடைக்கு மேல."

"இல்லடா, ஏரி. எனக்கு நல்லா நெனப்பு இருக்குது."

"உனக்கு என்னடா நெனப்பு இருக்குது? உனக்கு... மாவே வேவல."

அரைமணி நேரம் சண்டை நடந்தது. செபாஸ்டின் உண்மையாகவே மறந்துபோனானா, நடித்தானா என்று இன்று வரை அவன் சொல்லவில்லை. கடைசியில் தணிகாசலம் மூச்சு வாங்கிக்கொண்டே, "நாளைக்கு வரேன்டா. வண்டியில இருந்தே காட்டறேன்" என்றான். கஸ்தூரி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். தணிகாசலத்தை முன் இருக்கையில் ஏற்றினோம். கச்சிராயபாளையத்தில் டீ. கோமுகி அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. அணையைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் வழியே காற்று மாறியது. ஓமானிலும் மலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை உரித்துப் போட்டதைப் போல மொட்டையாக நிற்கும். அழகுதான், ஆனால் பார்த்தால் தாகம் எடுக்கும். இங்கே சாலையோரம் எல்லாம் பலாப்பழ வாசனை. எதிரே வந்த ஜீப்பில் உள்ளே எத்தனை பேரோ அத்தனை பேர் பின்னால் தொங்கினார்கள். எல்லோரும் எங்களுக்குக் கை காட்டினார்கள், ஏதோ நாங்கள் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகிற மாதிரி.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆம்னி இருமியது. அடுத்த வளைவில் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. காதர் இறங்கி மூடியைத் திறக்கப் போய், சூடு பட்டு, என் மேலேயே வந்து விழுந்தான். கீழே இருந்து ஏறி வந்த அரசுப் பேருந்து எங்கள் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. நடத்துனர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், வண்டிக்குக் காய்ச்சலா?"

"ஆமாங்க, மாத்திரை இருக்குதா?" என்றான் காதர்.

"எங்க வண்டிக்கே பத்தல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி ஆறும் வரை மரத்தடியில் உட்கார்ந்தோம். தணிகாசலம் இறங்கவில்லை. திடீரென்று காதர் வாயைக் குவித்து ஊளையிட்டான். அதுதான் எங்கள் அணியின் கூவல். காட்டில் ஒருவரை ஒருவர் தேட வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஊளையிட வேண்டும். செபாஸ்டின் பதில் ஊளையிட்டான். நானும் முயன்றேன். இருமல்தான் வந்தது. வண்டிக்குள் இருந்து சத்தம் ஏதும் இல்லை. எட்டிப் பார்த்தேன். தணிகாசலத்தின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிமலையில் ஒரு வீட்டோடு சேர்ந்த கடையில் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைத்தன. சாமைச் சோற்றை மஸ்கட்டில் மருத்துவர் சொல்லித் தின்கிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இங்கே குழம்பு சோற்றுக்குள் இறங்கி நின்றது. நான் பேசாமல் தின்றேன். அது எனக்கு அரிதான காரியம். தணிகாசலத்துக்கு வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். நாங்கள் திரும்பி நின்றுகொண்ட பிறகு சாப்பிட்டான்.

அதற்கப்புறம் அவன்தான் வழி சொன்னான். "நேரா போ. இங்க திரும்பு. இல்ல, அந்தப் பக்கம்." ஒரு மண் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் ஆம்னி மறுபடியும் புகைந்து, ஒரு மேட்டின் அடியில் நின்றே விட்டது. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மெலிந்த ஓடை, அதைத் தாண்டிப் பாறையும் புல்லுமாக ஒரு சரிவு, மேலே சமதரை.

"அதான்டா" என்றான் தணிகாசலம். "ஏரியாம் ஏரி."

செபாஸ்டின் இரு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டான். ஒன்றோடு முழங்கால் மறுத்துவிட்டது.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றான் தணிகாசலம். "நான் இங்கயே இருக்கேன்."

காதர் ரேடியேட்டரை விட்டு நகர முடியாது. போன மாதம்தான் அவனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கனம் தூக்கக் கூடாது. நானும் செபாஸ்டினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்தது.

முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அடிபட்டவரைத் தூக்க இரண்டு பேர் எதிரெதிரே நின்று கைகளைப் பின்னிக்கொண்டால் அதுவே ஓர் இருக்கையாகும். நாலு கை நாற்காலி. நான்தான் அணியிலேயே ஒல்லி என்பதால் எப்போதும் அடிபட்டவன் நான். மைதானம் முழுக்க என்னைச் சுமந்துகொண்டு ஓடுவார்கள். சுமப்பதில் முதல் ஆள் தணிகாசலம்.

"வேணாம்டா" என்றான் அவன். நாங்கள் கேட்கவில்லை. எதிரெதிரே நின்று கையை நீட்டினோம். அவ்வளவுதான் தெரிந்தது. நான் செபாஸ்டினின் முழங்கையைப் பிடித்தேன். அவன் என் விரலைப் பிடித்தான். மாற்றிப் பிடித்தோம். நான்கு கையும் முறுக்கிக்கொண்டு, எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் நின்றோம்.

"மணிக்கட்டுடா, மணிக்கட்டு" என்றான் செபாஸ்டின்.

"யாரு மணிக்கட்டு?"

"என்னுது."

"உன்னுத நீயே புடிச்சிக்கடா."

"அதத்தான்டா சொல்றாங்க புத்தகத்துல!"

வண்டிக்குள் இருந்து குரல் வந்தது. குழறவில்லை, குழறியிருந்தால் எனக்குத் தெரியவில்லை. மைதானத்தில் கேட்ட அதே அதட்டல்.

"வலது கையால உங்க இடது மணிக்கட்ட நீங்களே புடிங்கடா. அப்பால இடது கையால எதிர்ல இருக்கறவன் வலது மணிக்கட்ட புடி. ஆங். உள்ளங்கை கீழ பாக்கணும். செபாஸ்டினு, மண்டூ, கீழ!"

சதுரமாக நாற்காலி அமைந்துவிட்டது. எங்களுக்கே ஆச்சரியம். காதர் கை தட்டினான். தணிகாசலம் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அது எனக்கு ஆவாது."

"ஏன்டா?"

"நாலு கை நாற்காலி, ரெண்டு கையும் நல்லா இருக்கறவனுக்கு. ரெண்டு பேரு கழுத்தையும் புடிச்சிக்கணும் இல்ல? நான் எதால புடிப்பேன்? எனக்கு மூணு கை." கோலை ஊன்றி, கதவைப் பிடித்து, மெல்ல இறங்கினான். "ஒருத்தன் ரெண்டு கையும் குடு. இன்னொருத்தன் ஒரு கை குடு. மிச்சக் கை சும்மா இருக்கணும். அது என் முதுகுல."

மூன்று கை நாற்காலி என்று ஒன்று இருந்ததையே நான் மறந்திருந்தேன். காரணம் எளிது. அடிபட்டவனாக நடித்த நான் எப்போதும் முழுதாக இருந்தேன். செபாஸ்டின் இரண்டு கையும் கொடுத்தான். நான் ஒரு கை கொடுத்தேன். காதர் பின்னால் இருந்து அணைத்து உட்கார வைத்தான். இடது கையால் தணிகாசலம் செபாஸ்டினின் கழுத்தைச் சுற்றிக்கொண்டான். வலது கை தொங்கியது. அதை நான் எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். பிறகு என் சும்மா இருந்த கையை அவன் முதுகில் கொடுத்தேன்.

ஏறினோம். கம்பீரமாக ஏறினோம் என்று எழுத ஆசைதான். ஓடையில் செபாஸ்டினின் செருப்பு போயிற்று. எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டு அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, அவனிடம் திட்டு வாங்கி, மறுபடி தூக்கினோம். "கால சேத்து வைங்கடா. ஒரே நேரத்துல எடுங்க. இடம், வலம்." சரிவில் ஒரு பெண்மணி மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஐயோ, இன்னா ஆச்சுங்க அவருக்கு? ஆஸ்பத்திரி கீழ இருக்குது. நீங்க மேல தூக்கிகினு போறீங்களே!"

சிரித்ததில் மூவரும் புல்லில் சரிந்தோம். தணிகாசலம் என் மேல் விழுந்தான். எனக்கு நல்ல சதை இருந்தது அன்றைக்குத்தான் ஒருவனுக்குப் பயன்பட்டது.

மேலே ஒன்றும் இல்லை. நாங்கள் கூடாரம் போட்ட இடத்தில் யாரோ கிழங்கு பயிரிட்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்தோம். அந்தப் பெண்மணியே ஒரு பலாப்பழத்தை எடுத்து வந்து பிளந்து கொடுத்துவிட்டு, "நல்லாப் பாத்து எறக்குங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார். கீழே காதரின் ஊளை கேட்டது. மூவருமாகப் பதில் கொடுத்தோம். தணிகாசலத்தின் ஊளை முதலில் உடைந்து, பிறகு நீளமாக எழுந்தது.

அவன் இடது கையால் பலாச்சுளையை எடுத்துத் தின்றான், எங்கள் முன்னால். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"நான் ஒரு நாளும் அதுல உக்காந்தது இல்லடா" என்றான்.

"எதுல?"

"நாற்காலியில. உங்களத் தூக்கினுதான் இருந்தேன். தூக்கறது சுலுவுடா. உக்கார்றதுதான் கஷ்டம். வுட்ருவாங்களோன்னு இருக்குது."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கஸ்தூரி என்னை நம்பித்தான் அனுப்பியிருந்தார். இன்னொரு பலாச்சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். செபாஸ்டின்கூட யாரையும் திருத்தவில்லை. காற்று நன்றாக அடித்தது.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதை இங்கே பதிவு செய்துவிட்டுத் தாண்டுகிறேன். வண்டி மலையைவிட்டு இறங்கிக் கச்சிராயபாளையம் வந்தது. தணிகாசலம் முன் இருக்கையில் இருந்து திரும்பாமல் கேட்டான்.

"ஞாயித்துக்கெழமை தாரை வாக்கறப்ப நீ எங்க இருப்ப ராஜு?"

"பந்தியில" என்றேன் யோசிக்காமல்.

"பந்திக்கு அப்பால போ. மொதல்ல என் பின்னாடி நில்லு. என் கைக்கு அடியில... ஒரு கை வேணும்."

காதர் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் வெகு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். புகை எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஒத்திகை. மகளின் கைக்குப் பதில் ஒரு தேங்காய், மாப்பிள்ளைக்குப் பதில் செபாஸ்டின், கஸ்தூரி கையில் செம்பு. அந்தக் கையைத் தம்பி தாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கஸ்தூரி மெதுவாகக் கேட்டார். "அவன் அழுதுடுவான். எல்லாத்தையும் கெடுத்துடுவான்" என்றான் தணிகாசலம். எனக்கோ முறையாகப் பயிற்சி நடந்தது. "மணிக்கட்டத் தாங்கு. முழங்கைய இல்ல. இறுக்காத." தேங்காய் பல முறை உருண்டது. அதை எடுத்துக் கொடுக்க ஒரு முறை மலர் வந்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. தேங்காயையும் செம்பையும் அப்பாவின் கைக்கு அடியில் இருந்த என் கையையும் பார்த்தாள். "நல்லாத் துடைச்சிக் குடுங்கம்மா, வழுக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை. சின்னசேலத்தில் மண்டபம். நாதஸ்வரக்காரர் ஊதிய ஊதலில் பேச்சே கேட்கவில்லை. மஸ்கட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மாநாடு. தணிகாசலம் பட்டு வேட்டியில், கோலை ஊன்றி, மேடை ஏறினான். முன் வரிசையில் பேச்சு நின்றது. மணையில் உட்கார வைத்தோம். நான் அவனுக்குப் பின்னால் மண்டியிட்டேன். என் முழங்காலும் என் வேட்டியும் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"நீங்க யாரு, பங்காளியா?" என்றார் ஐயர்.

இரண்டாம் வரிசையில் இருந்து காதர் எழுந்து, "எங்க ஆளுங்க" என்றான், அதற்குமேல் கேள்வியே தேவையில்லை என்பது போல. ஐயர் மந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்.

மாப்பிள்ளை கையை நீட்டினார். மலர் தன் கையை அப்பாவிடம் கொடுத்தாள். தணிகாசலத்தின் இடது கை எழுந்தது. அதோடு வலது கையையும் மணிக்கட்டில் தாங்கித் தூக்கினேன். இரண்டு கையும் சேர்ந்து மலரின் கையை ஏந்தின. கஸ்தூரி செம்பைச் சாய்த்தார். தண்ணீர் மகள் கையில் விழுந்து, அப்பன் கையில் வழிந்து, என் முழங்கை வரை ஓடிச் சட்டைக்குள் போயிற்று.

அந்தக் கை கனத்தது. மலையில் ஆளையே தூக்கியபோதுகூட இவ்வளவு கனம் தெரியவில்லை. இதை ஒரு வருடமாகத் தனியாக மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் மூடிக்கொண்டு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தானே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் இருந்தேன்.

கெட்டிமேளம் முழங்கி அடங்கியது. ஐயர் என்னைப் பார்த்து, "முடிஞ்சுதுங்க. கைய எடுத்துக்கலாம்" என்றார்.

தணிகாசலம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்டா."

பிடித்துக்கொண்டிருந்தேன்.